வாரில் விழுந்த மடிப்பு

பழைய தோல் பை கைக்கு வந்தால் நான் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவேன். கண்ணுக்கு வேலை அதற்குப் பிறகு. உம்மாவுக்கு இதைக் கண்டாலே குமட்டும். "எவளோ கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் திரிஞ்சதை இப்படி மோந்து பாக்குறியே, கூச்சமே இல்லையா ஒனக்கு?" என்பார். எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. காய்ந்த பால்பவுடர் வாடை அடித்தால் கைக்குழந்தைக்காரி. இருமல் மருந்து வாடை என்றால் வயசானவள். ஏலக்காயும் சில்லறைக் காசும் கலந்து மணத்தால் அவள் நம் பக்கத்துப் பெண், எந்த நாட்டில் குடியிருந்தாலும் சரி. பிடியில் எங்கே கறுத்திருக்கிறது, மூடியில் நகக்கீறல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் வலது கைக்காரியா இடது கைக்காரியா என்றும் சொல்லிவிடுவேன். இதைத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய்தான் அந்த அக்காவை என் வீட்டுக் கொல்லை வரைக்கும் அழைத்து வந்தது.

நாகூரில் தர்காவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான், வெள்ளிக்கிழமை டெலிபோனில் மட்டும் புருஷனாக இருப்பார்கள். அவர் ஒரு விடுமுறைக்கு வந்தபோது கடை முதலாளியின் மனைவி வேண்டாம் என்று ஒதுக்கிய பைகளை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஐப்பசி மழை தொடங்கியதுமே அத்தனையும் பூசணம் பூத்துவிட்டன. ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன், அடுப்புக்கரி நிறமாகிவிட்டது. இன்னொன்றை வெயிலில் போட்டேன், அப்பளம் மாதிரி வெடித்தது. இப்படிக் கெடுத்துக் கெடுத்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

பூசணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து, துணியைப் பிழிந்து, ஒற்றி எடுக்க வேண்டும். நிழலில் காய வேண்டும். உள்துணியை வெளியே இழுத்துத் துவைத்து மறுபடி உள்ளே தள்ளி, வயிறு நிறைய பழைய செய்தித்தாள் அடைத்தால் பைக்குப் பழைய உருவம் திரும்பும். தேன்மெழுகையும் விளக்கெண்ணெயையும் சேர்த்து உருக்கிய களிம்பை விரலால் தேய்த்தால் தோல் குடிக்கும், குடித்துவிட்டு மினுங்கும். வாரில் இருக்கும் முடிச்சு, முறுக்கு எல்லாவற்றையும் முதல் நாளே அவிழ்த்துவிட வேண்டும், மடிப்புக்குள்தான் பூசணம் ஒளிந்திருக்கும். பிறகு வாரைக் கொடியில் தொங்கவிட்டு நுனியில் ஒரு கல்லைக் கட்டினால் மடிப்பு நிமிர்ந்துவிடும். கடைசியாகச் சாம்பிராணி. வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் புகை போடும்போது பைகளையும் வாயைத் திறந்து வரிசையாக வைத்துவிடுவேன். பழைய சொந்தக்காரிகள் அந்தப் புகையோடு கிளம்பிப் போய்விடுவார்கள் என்பது என் கணக்கு.

நல்ல காலம் பிறந்தது. ஒயர்கூடையும் மஞ்சப்பையுமாகப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கம்ப்யூட்டர் கிளாஸுக்கும் தனியார் பள்ளிக்கூடத்துக்கும் புறப்பட்டார்கள், தோளில் ஒரு பை தேவைப்பட்டது. கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய பைகளை மெட்ராஸிலிருந்து லாரியில் போட்டு அனுப்ப ஆள் கிடைத்தது. மூட்டையைக் கொல்லையில் வைத்துத்தான் பிரிப்போம். ஏனென்றால் வெளிநாட்டுப் பையில் சிலதுக்குப் பன்றித்தோல் வைத்திருப்பார்கள். மயிர்க்கால் மும்மூன்றாகப் புள்ளி வைத்தது போல இருந்தால் அது அந்தத் தோல், அது எங்கள் வாசல் படி ஏறாது. ஒருமுறை தெரியாமல் அப்படி ஒரு நனைந்த பையைத் தொட்டுவிட்டு, ஏழு தண்ணீர், அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீர் என்று கையைக் கழுவிய பிறகுதான் உம்மா என்னைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் விட்டார்.

அந்த அக்கா வந்தது ஒரு வியாழக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். தர்காவில் கூட்டம் நெரியும் நாள். கொல்லைக் கதவுக்கு வெளியே யூரியா சாக்கில் தைத்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் வெந்த முகம், காலில் சேற்றுப்புண் ஆறிய தழும்பு.

"பாயம்மா, பை தொடைச்சுக் குடுக்கிற வீடு இதானுங்களா?"

"இதான். உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா. இங்கயே நிக்கிறேன்."

"வெளில நிக்கிறவங்க பையை நான் தொடுறதில்லை. உள்ள வந்து ஒக்காந்தாத்தான் வேலை" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கிணற்றடித் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். உம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம் அவருக்கு. நடவு, களை, அறுப்பு என்று வயல்வேலைக்குப் போகும் குடும்பம். இரண்டு பையன்கள், மூத்தது பெண். சாக்கிலிருந்து ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தார். பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் அதை மூடியிருந்தது. அதற்குள் என்ன நிறம் என்றே தெரியவில்லை.

"எம் மவ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போச்சு. பொட்டியில வந்துச்சு" என்றார்.

எங்கள் ஊரில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

"பொட்டியைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. சுத்தித் தகரம் வச்சு ஒட்டி, மேல பேரை எழுதியிருந்தாங்க. பேரு எம் மவ பேருதான். உள்ள யாருன்னு நான் பாக்கலைங்க. மொகத்தைக் காட்டாம அப்படியே கொண்டுபோயி எரிச்சிட்டாங்க. இந்தப் பையும் கூட வந்துச்சு. காலிப் பை. உள்ள ஒரு துண்டு துணி இல்லை. இங்கேருந்து போறப்ப ரெக்சின் பைதான் கொண்டு போனா. தோல் பைக்கு அவ எங்க போவா?"

பதினாறாம் நாள் காரியத்தை அவர் செய்ய விடவில்லையாம். படத்துக்கு மாலை போட வந்த மகனைத் துரத்தி விட்டாராம். பெட்டி மாறி வந்திருக்கிறது, யார் பெற்ற பிள்ளையையோ நாம் எரித்துவிட்டோம், தன் மகள் எங்கேயோ ஒரு வீட்டில் பூட்டப்பட்டிருக்கிறாள் என்பது அவர் பேச்சு. ஊர் அவரைப் பித்து என்றது. பித்துத் தெளிய வியாழன்தோறும் தர்காவுக்கு அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். அங்கே வளையல் விற்கும் பெண் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"மோந்து பாத்தே ஆளைச் சொல்லுவீங்களாமே. பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. இது எம் மவ பை இல்லைன்னா நான் அவளைத் தேடணும். மெட்ராஸுக்குப் போயாவது யார் காலையாவது புடிக்கணும். ஆமான்னா..." டீ டம்ளரைக் கல்லின் மேல் வைத்தார். "ஆமான்னா வீட்டுல சொல்றதைச் செய்யணும்" என்றார்.

மறுத்திருக்கலாம். நான் என்ன போலீஸா, கோர்ட்டா? ஆனால் என் வீட்டுக்காரரும் அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். ஏதாவது ஒரு பெட்டியாவது மாறி வந்திருக்கட்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அப்படி ஒன்று மாறும் என்றால் எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டியதில்லை அல்லவா?

"உங்க மக வலது கையா, இடது கையா அக்கா?"

"பீச்சாங்கை. எழுதுறது, அறுக்கிறது எல்லாம் அதுலதான். சோறு திங்க மட்டும் அடிச்சுப் பழக்கினேன். அவ அப்பாவுக்கு இடுப்பு போனதும் அவர் வேலைக்கு அவதான் போனா, ஆம்பளைங்களோட நின்னு நாத்துப் பறிச்சா. கட்டுக்கட்டா பறிச்சுப் போடுவா, அதே கையால."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்றைப் பற்றி எனக்கென்ன தெரியும்? டெல்டாவில் பிறந்தேன் என்றுதான் பேர். மூன்று வேளையும் சோறு தின்பதோடு சரி, வயலில் கால் வைத்தது கிடையாது. பஸ் ஜன்னலில் பச்சையாக ஓடுவதைத்தான் நான் வயல் என்று அறிவேன். அடுத்த வியாழன் விட்டு மறு வியாழனுக்குள் பையைத் துடைத்து வைக்கிறேன், அப்போது சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன்.

பையை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியபோது உள்ளேயிருந்து பழுப்பு வந்தது. நல்ல மாட்டுத்தோல், தேயிலைத் தண்ணீர் நிறம். வாய்ப்பக்கம் சுருக்கி இழுக்க மெல்லிய தோல்கயிறு ஓடியிருக்க வேண்டும், துளைகள் இருந்தன, கயிற்றைக் காணோம். தேடினால் அது வாரில் இருந்தது. வார் நீளம். யாரோ அதைத் தன் உயரத்துக்கு ஏற்றபடி மடித்து, மடித்த இடத்தை அந்தக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் செருகியிருந்தார்கள். முடிச்சு என்று ஒன்றும் இல்லை. வழக்கம்போல நுனியைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன், இறுகியது. மறுபக்கம் இழுத்ததும் கையோடு கழன்று வந்தது. எங்கள் ஆட்கள் முடிச்சுப் போட்டால் பல்லால் கடித்தாலும் அவிழாது. இப்படிச் செருகிவைப்பது வெள்ளைக்காரிகள் பழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடியில், சுற்று இருந்த இடத்தில் மட்டும் பூசணம் ஏறாமல் தோல் வெளுப்பாக, புதிதாக இருந்தது. குழந்தை கையில் வளையல் கழற்றிய தடம் போல இரண்டு கோடு.

பிறகு மூக்கை உள்ளே விட்டேன். பூசண வாடைக்கு அடியில் ஊதுக்கட்டை அத்தர். மலிவு அத்தர் இல்லை. பெரிய வீட்டுப் பெண்கள் துணிக்கு அகில் புகை காட்டிப் பூசிக்கொள்வது. மூடியைப் பார்த்தேன். பொத்தானுக்கு வலது பக்கம் நகக்கீறல் பின்னிக் கிடந்தது. வளர்த்த நகம். நாற்றுப் பறித்தவளுக்கு நகம் ஏது? வலது கைக்காரி, வசதியானவள், நகம் வளர்த்தவள். அல்லாஹ்வே, இது அந்தப் பெண்ணின் பை இல்லை என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த நிமிடமே திருத்துறைப்பூண்டி பஸ் ஏறிப் போய்ச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எந்த ஊர் என்று சரியாகக் கேட்டுவைக்கவில்லை. வாக்குக் கொடுத்த நாள் வரட்டும் என்று இருந்தேன்.

ஆனால் அந்த நாள் வரைக்கும் பை என்னைச் சும்மா விடவில்லை.

வாரைக் கொடியில் தொங்கவிட்டு நுனியில் கல் கட்டினேன். காலையில் அவிழ்த்தபோது நேராக இருந்தது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் சுருண்டு பழைய இடத்தில் மடங்கிக்கொண்டிருந்தது. தோலுக்கு அந்தக் குணம் உண்டு, தெரியும். பழகிய மடிப்பை லேசில் விடாது. கொஞ்சம் பெரிய கல்லாகக் கட்டினேன். களிம்பு தேய்த்தேன். மறுபடி நேரானது, மறுபடி மடங்கியது. வெளுத்த இரண்டு கோட்டின் மேல் சாயம் பூசினேன். ஈரமாக இருந்தவரை மறைந்தது. காய்ந்ததும் மெல்ல மெல்ல மேலே எழுந்து வந்தது. அது எழுந்து வருவதை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

அதற்கு முன்னால் எத்தனையோ பேருடைய பைகள் அந்தக் கொடியில் தொங்கியிருக்கின்றன. செத்தவர்களுடையதும் அதில் இருந்திருக்கும்தானே. ஒருநாளும் எனக்குப் பயம் வந்ததில்லை. இந்தப் பை தொங்கியபோது மட்டும் கொல்லையில் யாரோ நிற்கிறார்கள் என்று இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது, பைதான் காற்றில் என் பக்கம் திரும்பியிருக்கும். குட்டையான ஒரு பெண், வார் நீளமாக இருக்கிறதே என்று மடித்துக் கட்டிக்கொண்டு, வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று நிற்கிற மாதிரி. நான் அப்படி நினைக்கக் கூடாது என்று என்னையே அதட்டினேன். அது வேறு ஒருத்தி, நகம் வளர்த்தவள், அத்தர் பூசியவள். அவள் உயிரோடு எங்கேயோ நன்றாக இருக்கிறாள். அப்படியென்றால் கொல்லையில் நிற்பது யார்?

உம்மாவுக்கும் அது தட்டியிருக்க வேண்டும். மக்ரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யக் கிணற்றடிக்குப் போகிறவர், முற்றத்துக் குழாயிலேயே செய்துகொண்டார்.

"பொட்டியில மையித்தோட வந்த சாமானை எதுக்குப் புள்ள வீட்டுல வச்சிருக்கே? கொடுத்துத் தொலைச்சிடேன்."

"வியாழக்கிழமை வருவாங்க உம்மா. அது அந்தப் பொண்ணோடது இல்லை. நான் பாத்துட்டேன்."

"இல்லைன்னா நீ ஏன் ராவெல்லாம் பொரண்டு படுக்குறே?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் குர்ஆனில் யாசீன் ஓதி முடித்ததும் கொல்லைப் பக்கம் ஒரு முறை ஊதிவிட்டு வந்து படுப்பார்.

எனக்கு நேர்ந்தது இன்னொன்று. கை தானாக அந்தச் சுற்றைச் சுற்ற ஆரம்பித்தது. முருங்கைக்கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சுற்று, அடியில் ஒரு செருகல். பால் பாக்கெட் ரப்பரை விரலில் இரண்டு சுற்று. ஆனால் சரியாக வரவில்லை. வாரிலிருந்த கோட்டின் மேல் கயிற்றை வைத்து அதே மாதிரி சுற்றிப் பார்த்தேன், கயிறு கோட்டில் உட்காரவில்லை. சாய்வு வேறு பக்கமாக இருந்தது. கயிற்றை இடது கைக்கு மாற்றி, எனக்கு நேர்மாறாகச் சுற்றியபோது பச்சக்கென்று தடத்தில் போய்ப் படிந்தது. அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை பாருங்கள். ஊர் ஊருக்கு ஒரு பழக்கம், வெளிநாட்டுக்காரி தலைகீழாகத்தான் சுற்றுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றை நம்ப வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டால் மூளை எவ்வளவு ஒத்தாசை செய்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். "பெட்டி மாறுமா?" என்று கேட்டேன். "ஏன் அதையெல்லாம் என்கிட்ட கேக்குறே?" என்றார். பிறகு மழை பெய்கிறதா, உம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று விசாரித்தார். வைக்கும் முன்னால், "எனக்கு ஒண்ணும் ஆகாது புள்ள" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை.

சொன்ன வியாழன் வந்தது. காலையிலேயே சாம்பிராணி போட்டேன். மற்ற பைகளெல்லாம் புகையைக் குடித்துக்கொண்டன. இதிலிருந்து மட்டும் அந்த அத்தர் வாடை முன்னைவிடக் கூடுதலாக வந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். அந்த அக்காவும் மோந்து பார்க்கட்டும், தன் மகள் வாடை இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். செய்தித்தாளை வெளியே எடுத்தேன், பை புதிதுபோலத் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் மினுமினுத்தது. வாரை நீட்டி வைத்தேன். மடங்கியது. நீட்டி வைத்தேன்.

அவர் இந்த முறை சொல்லாமலே உள்ளே வந்து கல்லில் உட்கார்ந்தார். பையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். எனக்கு வாயில் நல்ல சேதி இருந்தது. அதை உடனே கொட்டிவிட வேண்டும் என்று தவித்தாலும், ஆதாரத்தோடு சொன்னால்தான் வீட்டில் போய் நிமிர்ந்து பேசுவார் என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன்.

"இந்தக் கீறலைப் பாருங்க அக்கா. வலது கை. நகம் வளத்த கை."

குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"உள்ள மோந்து பாருங்க. இது பணக்கார வீட்டு அத்தர்."

மோந்தார். கண்ணில் ஏதோ அசைந்தது. எனக்குத் தைரியம் கூடிவிட்டது.

"இதையெல்லாம் விட ஒண்ணு இருக்கு. வாரை மடிச்சு ஒரு தினுசா கட்டியிருந்துச்சு. நம்ம ஊர்ப் பொம்பளைங்க யாரும் இப்படிக் கட்ட மாட்டாங்க. கை வரவே வராது. நான் கட்டிக் காட்டுறேன், நீங்களே பாருங்க."

வாரை எடுத்தேன். நான் மடிக்க வேண்டியே இருக்கவில்லை, அதுவாக மடிந்தது. கயிற்றை இடது கையில் பிடித்துத் தடத்தின் மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நுனியை அடியில் செருகினேன். இத்தனை நாள் பழகியதில் சுத்தமாக வந்தது. வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த அக்கா கையை நீட்டினார். கொடுத்தேன். மடித்த வாரை இடது உள்ளங்கையில் வாங்கி, வலது கட்டைவிரலால் நுனியைத் தேடினார். பார்க்காமல், தூரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்கிறவர்கள் செய்வதுபோல. வலது பக்கம் இழுத்தார். இறுகியது. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அந்த விரல் மறுபக்கம் போய் ஒரு சுண்டு சுண்டியது. கயிறு பிரிந்து மடியில் விழுந்தது.

"நாத்து முடி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

"நாத்தைப் பறிச்சு ஒரு கைப்பிடி சேந்ததும் ரெண்டு நாத்தாலயே சுத்திச் செருகிப் போடுவாங்க. முடின்னு சொல்லுவோம். முடிச்சுப் போட மாட்டாங்க. நடுறப்ப ஒரு இழுவைல அவுரணும்ல." குரல் சாதாரணமாக இருந்தது. சமையல் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார். "எல்லாரு முடியும் இந்தப் பக்கம் இழுத்தா அவுரும். எம் மவ முடி மட்டும் அந்தப் பக்கம். பீச்சாங்கைல கட்டுறா பாருங்க. வரிசையில நிக்கிறவளுங்க இழுத்து இழுத்துப் பாத்துட்டு வைவாளுங்க. 'இந்தாடி, ஒம் மவ முடி, நீயே அவுத்துக்க'ன்னு எங்கிட்ட வீசுவாளுங்க. அவ கட்டினது அம்புட்டையும் நான்தான் நட்டிருக்கேன்."

நான் விடவில்லை. விட மனசு வரவில்லை. "நகம் இருக்கே அக்கா, அத்தர் இருக்கே" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற குழந்தையின் குரலாகக் கேட்டது.

"அந்த வீட்டம்மாவோடதா இருக்கும். தேஞ்சதும் குடுத்திருப்பாங்க. பழசைத்தானே தங்கச்சி நமக்குக் குடுப்பாங்க."

பழைய பையைத் துடைத்து விற்றுச் சோறு தின்கிறவள் நான். அது எனக்குத் தோன்றவில்லை.

அவர் வாரை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மடித்த இடம் தாடைக்கு அடியில் போய் அடங்கியது. "மொகத்தைப் பாக்கலை, மொகத்தைப் பாக்கலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகுதான் உடம்பு ஆட ஆரம்பித்தது. சத்தமே வரவில்லை. கிணற்றடிக்கே வராமல் இருந்த உம்மா எங்கிருந்துதான் வந்தாரோ, ஈரத்தரையில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பையும் இருவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த மடிப்பை நிமிர்த்தக் கல் கட்டினேனே, அந்தக் கல்லை எடுத்துக் கிணற்றில் போட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்தார். கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"அவ கட்டின மாதிரியே கட்டிக் குடுத்துடுங்க தங்கச்சி. எனக்கு அந்தப் பக்கம் கட்ட வராது. அவுக்கத்தான் வரும்."

இடது கையில் கயிற்றைப் பிடித்துச் சுற்றிச் செருகிக் கொடுத்தேன். முதல் சுற்று தடத்தை விட்டு விலகியது. பிரித்து மறுபடி சுற்றினேன்.

"காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லணும்" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. யூரியா சாக்கை மடித்து அங்கேயே வைத்துவிட்டார்.

தெருவாசல் வரைக்கும் கூடப் போனேன். தர்காவுக்குப் போகிற கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. "பஸ்ல நெருக்கடியா இருக்கும், தோள்ல மாட்டிக்கங்க அக்கா" என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் மாட்டவில்லை. பையை இடுப்பில் ஏற்றி, ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கூட்டம் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கித் தெருமுனை வரை நடந்து போனார்.